மாசிக்காய் இல்லை, மதினி

என் பிரியத்துக்கும் சண்டைக்கும் என்றைக்கும் உரிய ராக்காயி மதினிக்கு,

மாசிக்காய் இல்லை மதினி. வேறு எதைச் சொல்வதற்கும் முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளை பழனியம்மாவின் பல் பழுப்பானதற்கு நீங்கள் உரைத்து வைத்த மருந்து காரணமே இல்லை. உங்கள் கையில் ஒரு குற்றமும் இல்லை. கொடைக்கானலில் பல் டாக்டரம்மா என் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். கேட்டுவிட்டு வாசலுக்கு வந்து, யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், உங்கள் பேரைச் சொல்லி அழுதேன்.

இதோடு கடிதத்தை முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நிம்மதியாக இருங்கள் மதினி என்று ஒரு வரி எழுதினால் போதுமே. ஆனால் உங்களிடம் நான் எதையாவது பாதியில் நிறுத்தியிருக்கிறேனா? "முழுங்காமச் சொல்லு நாச்சம்மா, என்னத்த மறைக்குற?" என்று வாயைக் கிண்டிவிடுவீர்களே. மிச்சத்தையும் சொல்லத்தான் வேண்டும். அதற்குத்தான் கை வர மாட்டேன் என்கிறது.

உங்களுக்கு எழுத்து தெரியாது. அதனால் எழுதி முடித்ததும் ஒரு தடவை சத்தமாகப் படிக்கப்போகிறேன். உங்கள் தம்பி, "பைத்தியமா புடிச்சிருக்கு?" என்று கேட்டால் கேட்கட்டும். கட்டிய நாளிலிருந்து அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். பூம்பாறையில் பூண்டுக்காட்டு ஓடையில் குனிந்து அள்ளிக் குடித்து வளர்ந்தவளை மலையை விட்டு இறக்கி, பழனிக்குக் கிழக்கே இந்தப் பாறைக் கரட்டடியில் கொண்டுவந்து விட்டார்கள். வாசலில் நின்றால் மலை தெரியும், அதன் தண்ணீர் மட்டும் வராது. ஊர்க்கிணற்றுத் தண்ணீரோ, அப்பப்பா! வாயில் வைத்தால் தொண்டைக்குள் இறங்காது. சோப்பு நுரைக்காது. துவரம்பருப்பைப் போட்டால் பொழுது முழுக்கக் கொதித்தும் உருண்டை உருண்டையாக நிற்கும். பழனியம்மா வயிற்றில் இருந்தபோது அந்தத் தண்ணீரைக் கண்டாலே எனக்குக் குமட்டியது. "மலைக்காரி தண்ணிக்கு அழுறாளாம்" என்று தெருவே சிரித்தது.

நீங்கள் சிரிக்கவில்லை. கண்டித் தோட்டத்துக்குப் போன உங்கள் வீட்டுக்காரர் திரும்பி வராமலே போய், பிறந்த வீட்டோடு தங்கிவிட்ட மனுஷி நீங்கள். வந்தவளை உருட்டி மிரட்டியிருந்தால் யாரும் உங்களைக் கேட்டிருக்க மாட்டார்கள். நீங்களோ மடியில் ஒரு பிடி பருப்பை முடிந்துகொண்டு கிணறு கிணறாகப் போனீர்கள். எந்தத் தோட்டத்துக் கிணறாக இருந்தாலும் ஒரு செம்பு தண்ணீர் வாங்கி வந்து, அதில் பருப்பைப் போட்டு அடுப்பில் ஏற்றிப் பார்த்தீர்கள். பருப்பு வேகிற தண்ணீர்தான் நல்ல தண்ணீர். நம் பக்கத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கடைசியில் கரட்டுக்கு அந்தப் பக்கம், யாரோ தோட்டம் போட நினைத்துப் பாறையைக் குடைந்து ஆழமாய் வெட்டிவிட்டு அப்படியே போட்டுப்போன கிணறு ஒன்று அகப்பட்டது. அந்தத் தண்ணீரில் பருப்பு வெண்ணெயாகக் குழைந்தது. சோப்பைத் தொட்டால் நுரை பொங்கியது. நீங்கள் செம்பை என் வாயில் வைத்து, "குடிச்சுப் பாருத்தா. ஒங்க மலைத் தண்ணி இதுகிட்டப் பிச்சை வாங்கணும்" என்றீர்கள். குடித்தேன். இனிப்பாக இருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வயிறு நிறையக் குடித்தது அன்றைக்குத்தான்.

அன்றிலிருந்து வெள்ளனே எழுந்து கரடு ஏறி இறங்கி அந்தத் தண்ணீரைச் சுமந்து வருவது உங்கள் சோலியாகிவிட்டது. வீட்டில் மற்றவர்கள் எதை வேண்டுமானாலும் குடிக்கட்டும், பிள்ளைத்தாச்சிக்குக் கரட்டுத் தண்ணீர். பிள்ளை பிறந்தது. எனக்குப் பால் போதவில்லை. பசும்பாலில் அந்தத் தண்ணீரை விளாவினீர்கள், கேப்பைக் கஞ்சியை அந்தத் தண்ணீரில் காய்ச்சினீர்கள். "ஊர்க்கிணத்துத் தண்ணி ஒரு சொட்டு எம் மருமக வாயில படப்படாது" என்று சட்டம் போட்டீர்கள்.

உங்களைப் பார்த்து ஊரும் கரடு ஏற ஆரம்பித்தது. பிள்ளை பெற்ற வீடுகளெல்லாம் அந்தத் தண்ணீர்தான். கால் விளங்காத மாரியாயி வீடு ஒன்றுதான் கடைசிவரை ஊர்க்கிணற்றோடு நின்றது. அந்தப் பிள்ளைகளைப் பார்த்து நாமெல்லாம் உச்சுக் கொட்டினோமே மதினி, பாவம், நல்ல தண்ணிக்குக் கொடுத்துவைக்கலையே என்று.

அப்போது உங்கள் கைமருந்துக்கும் ஊரில் அவ்வளவு மதிப்பு. வசம்பு, சுக்கு, ஜாதிக்காய், மாசிக்காய் எல்லாவற்றையும் உரைகல்லில் தாய்ப்பால் விட்டு இழைத்து, பச்சைப்பிள்ளையின் நாக்கில் தடவிவிடுவீர்கள். மந்தம், மாந்தம், வயிற்றுப்பொருமல் எது வந்தாலும் உங்கள் மடியில்தான் பிள்ளையைப் போடுவார்கள். எந்தப் பிள்ளை வீறிட்டாலும் உங்கள் விரல் நாக்கில் பட்டதும் சப்புக்கொட்டிக்கொண்டு அடங்கும். ஒரு பிள்ளை பெறாத உங்களை ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் முதல் முதலில் ருசி பார்த்தன. இதை நீங்களே சொல்லிச் சிரிப்பீர்கள்.

பால்பல் இருந்தவரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. பழனியம்மாவுக்குப் பல் விழுந்து புதுப்பல் முளைத்தபோதுதான் பார்த்தோம். முன்பல் இரண்டும் சுண்ணாம்பு தீற்றின மாதிரி வெளிறி, கோடு கோடாக இருந்தது. வருஷம் போகப்போக அந்தக் கோடு மஞ்சளாகி, பிறகு துரு ஏறின மாதிரி பழுப்பாகிவிட்டது. அவளுக்கு மட்டுமா? அவள் வயசுச் செட்டுப் பிள்ளைகள் பாதிப்பேருக்கு மேல் அப்படித்தான். இதெல்லாம் எதனால் என்று ஊர் மண்டையைப் போட்டு உடைத்தது. மேலத்தெரு பேச்சியக்காதான் கண்டுபிடித்தாள்.

அன்றைக்கு அவள் கடைக்குட்டி உங்கள் மடியில் கிடந்தது. நீங்கள் கல்லில் மாசிக்காயை உரைத்துக்கொண்டிருந்தீர்கள். பேச்சியக்கா விடுவிடுவென்று வந்து பிள்ளையைப் பறித்தாள்.

"ஏத்தா ராக்காயி, போதும் ஒன் வைத்தியம். மாசிக்காயப் போட்டுப் போட்டு ஊர்ப்பிள்ளைக பல்லையெல்லாம் கறையாக்கிப்புட்ட. எம் பிள்ளையாவது பொழைக்கட்டும்."

நான் சும்மா இருப்பேனா? அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தேன். "பூம்பாறையில எங்க அண்ணன் பிள்ளைகளுக்கும் இதே மாசிக்காய்தான் உரைக்கிறாங்க. அதுக பல்லு மல்லிகை மொக்காட்டம் இருக்கு. வாய்க்கு வந்ததப் பேசாதீங்கக்கா!"

"மலைக்காரங்க ஒடம்பு வேற, எங்க ஒடம்பு வேற. நீ ஒஞ்சோலியப் பாரு."

கரண்டியோடு உள்ளே திரும்பிவிட்டேன். பூம்பாறையிலும் இங்கேயும் மாசிக்காய் ஒன்றுதான், பிறகு எதுதான் வேறு என்று அன்றைக்கு நான் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால்? யோசித்திருந்தாலும் தண்ணீர் என் புத்திக்கு எட்டியிருக்காது. அதைத்தான் மலைத் தண்ணீருக்கு மேல் என்று நானும் நம்பியிருந்தேனே. மாசிக்காய் கறுப்பாகக் கறை பிடிக்கும், பல்லில் கறை இருக்கிறது. ஊருக்கு அது போதுமாயிருந்தது. என்னைச் சுட்டதெல்லாம் வேறு. பேச்சியக்கா சொன்னதை நீங்களே நம்பிவிட்டீர்கள்.

அப்புறம் யாரும் உங்கள் மடியில் பிள்ளையைப் போடவில்லை. தெருவில் ஒரு பிள்ளை வயிற்றுவலியில் வீறிட்டால் நீங்கள் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்துகொள்வீர்கள். உரைகல்லைக் கொண்டுபோய்க் கதவுக்கு அண்டை கொடுத்து வைத்தீர்கள். அதில் நான் எத்தனை தடவை காலை இடித்துக்கொண்டு கத்தியிருப்பேன்! "எடுத்து உள்ள வைங்க மதினி" என்றால், "அதுக்கு அந்த எடம் போதும்" என்பீர்கள்.

பழனியம்மாவின் பல்லை வெளுக்க வைக்க நீங்கள் செய்யாதது என்ன? கரி, உப்பு, செங்கல் பொடி, எலுமிச்சம்பழத் தோல். அவளைக் கால்மாட்டில் உட்காரவைத்துத் தேய்ப்பீர்கள். ஈறு கிழிந்து ரத்தம் வரும். அவள் அழுவாள், நீங்கள் அழுதுகொண்டே தேய்ப்பீர்கள். ஒருநாள் நான்தான் உங்கள் கையைத் தட்டிவிட்டு, "போதும், பல்லோட ஈறும் போயிரும்" என்று பிடுங்கினேன்.

அடுத்த கிருத்திகைக்குப் பழனிக்குக் கிளம்பிவிட்டீர்கள். நேர்ந்துகொண்டு உண்டியலில் போட வெள்ளி உரு வாங்க வேண்டும். அடிவாரத்துக் கடையில் கண் இருந்தது, கை இருந்தது, கால் இருந்தது, பல் இல்லை. "பல்லு உரு யாரும் கேட்டதில்லையே ஆத்தா" என்று கடைக்காரர் தலையைச் சொறிந்தார். நீங்கள் யோசித்துப் பார்த்து முழு முகமாக ஒன்று வாங்கினீர்கள். "முகத்துக்குள்ளதானப்பா பல்லு இருக்கு. முருகனுக்குப் புரியாதா?" என்று சொன்னீர்களே, கடைக்காரரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

பழனியம்மா வளர வளரச் சிரிப்பைக் கைக்குள் வைத்துக்கொள்ளப் பழகினாள். பேசும்போதுகூட வலதுகை தானாக வாய்க்குப் போய்விடும். பெரியவளானதும் அவளை என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினோம். அண்ணன் அப்போது பூம்பாறையை விட்டுக் கொடைக்கானலில் காய்கறி மண்டி வைத்திருந்தார். ஏரிக்கு மேலே இருக்கிற பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். புதுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவள் வாயைப் பார்த்து, "நீ பிரஷ் பண்ணவே மாட்டியா?" என்று கேட்டார்களாம். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொன்னாள், நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நீங்கள் போகும்போது சின்னவன் பிறந்து இரண்டு மாசம். அத்தனை வருஷம் கழித்து ஒரு ஆண்பிள்ளை. மழைக்காலத்துக் காய்ச்சல் உங்களை அடித்துப்போட்டுவிட்டது. கொஞ்ச காலமாகவே கழுத்தும் இடுப்பும் வளையாமல் கட்டை மாதிரி ஆகியிருந்தீர்கள், அப்படியும் தண்ணீர்க்குடத்தை விடவில்லை. பாயில் கிடந்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"நாச்சம்மா, இவனுக்கு மருந்து உரைக்க வேணாம். அந்தப் பாவம் என்னோட போகட்டும்."

"சரி மதினி."

"நான் இல்லேன்னு பிள்ளைக்கு ஊர்க்கிணத்துத் தண்ணியக் குடுத்துறாத. கரட்டுத் தண்ணிதான். சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். உங்கள் கையில் அடித்துப் பண்ணினேன். இரண்டையும் காப்பாற்றினேன் மதினி. சின்னவன் நாக்கில் மாசிக்காய் படவே இல்லை. தாய்ப்பால் இந்தத் தடவையும் போதவில்லை. பசும்பாலில் விளாவ, கஞ்சி காய்ச்ச, நானே கரடு ஏறி அந்தத் தண்ணீரைத்தான் கொண்டுவந்தேன்.

இந்த வருஷம் பழனியம்மாவுக்குப் பல்வலி என்று அண்ணன் ஆள் அனுப்பியிருந்தார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வத்தலக்குண்டு போய் பஸ் மாறி மலை ஏறினேன். சீசனுக்கு மதுரையிலிருந்து வந்து போகிற பல் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். வலித்த பல்லைப் பார்த்து மருந்து வைத்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் முன்பல்லை நெடுநேரம் பார்த்தார்.

நான் முந்திக்கொண்டேன். "அது மாசிக்காய்க் கறைங்கன்னு ஊர்ல சொல்றாங்க. நான் நம்பலைங்க."

"நம்பாதீங்க. இது கறையே இல்லைம்மா" என்றார். "மேல படிஞ்சது இல்ல. பல்லு ஈறுக்குள்ள உருவாகும்போதே இப்படி ஆகியிருக்கு. தேய்ச்சாப் போகாது."

பழனியம்மா வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்ப அத்தை செங்கப்பொடி போட்டுத் தேய்ச்சதெல்லாம்?" என்று கேட்டாள். அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

டாக்டரம்மா கேட்டார்: "சின்ன வயசுல எந்தத் தண்ணி குடிச்சா? ஆழமான பாறைக் கிணறா?"

"ஆமாங்க. நல்ல தண்ணிங்க. பாலாட்டம் இருக்கும்."

"பருப்பு வெரசா வெந்துருமா? சோப்பு நல்லா நுரைக்குமா?"

நம் அடுப்படியில் உட்கார்ந்து பார்த்த மாதிரி கேட்கிறாரே! எப்படித் தெரியும் என்றேன். அவர் நிதானமாக எடுத்துச் சொன்னார். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைவாக இருந்தால்தான் பருப்பு குழையும், சோப்பு நுரைக்கும். அந்தச் சத்து குறைந்த தண்ணீரில்தான் பாறையிலிருந்து ஃபுளோரைடு என்கிற ஒரு உப்பு நிறையக் கரைந்து நிற்குமாம். வாயில் வைத்தால் தெரியாது, வாசனை கிடையாது. பச்சைப்பிள்ளையிலிருந்து புதுப்பல் முளைத்து முடிகிற வரைக்கும் அதைக் குடித்தால், ஈறுக்குள் இருக்கிற பல்லை அது கெடுத்துவிடும். ஊர்க்கிணறு மாதிரி உவர்ப்பான தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கிறதால் அந்த உப்பு அவ்வளவாக நிற்காது.

இவ்வளவுதான் மதினி மிச்சம். மாசிக்காய் இல்லை, தண்ணீர். நீங்கள் பிடி பருப்போடு தேடித் தேடிக் கண்டுபிடித்த தண்ணீர். நான் அழுதேன் என்று, எனக்காகத் தேடிய தண்ணீர்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. டாக்டரம்மாவிடம் சண்டைக்கே போனேன். "அந்தத் தண்ணி இல்லேன்னா நானும் இல்ல, இவளும் இல்ல. தண்ணி மேல பழி சொல்லாதீங்க." அவர் கோபப்படவில்லை. இரண்டு கிணற்றுத் தண்ணீரையும் சீசாவில் கொண்டு வாருங்கள், மெட்ராசுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றார். பிறகு என் இடுப்பில் இருந்த சின்னவனைப் பார்த்துவிட்டு, "இவனுக்கும் அதே தண்ணிதானா?" என்று கேட்டார்.

தலையை ஆட்டினேன்.

"இவனோட முன்பல்லு இப்பத்தான் ஈறுக்குள்ள உருவாகுது. பரிசோதனை வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம். இன்னைக்கே நிறுத்துங்க. முழுசாத் தப்பும்னு சொல்ல முடியாது. ஆனா நேரம் இருக்கு."

உங்கள் கழுத்தும் இடுப்பும் வளையாமல் போனதும் இதனாலா என்று கேட்டேன். ரொம்ப வருஷம் குடித்தால் எலும்பையும் பிடிக்கும், ஆனால் ஆளைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். இனி யார் பார்ப்பது? அது எனக்குக் கடைசிவரை தெரியாமலே போகும்.

அன்று ஏரிக்கரையில் நானும் பழனியம்மாவும் உட்கார்ந்திருந்தோம். அவள் உங்களைத் திட்டிவிடுவாளோ என்று பயந்துகொண்டே இருந்தேன். அவள் கரையோரத்துப் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அத்தைகூட நானும் போவேன்லம்மா தண்ணிக்கு. முத செம்பு எனக்குத்தான் தரும். அத்தை கடேசியாத்தான் குடிக்கும்" என்றாள். என் பக்கம் திரும்பி, "அத்தை இருந்தா இதைச் சொல்லிருப்பியா?" என்று கேட்டாள்.

சொல்லியிருப்பேனா மதினி? மாசிக்காய் இல்லை என்று சொன்னால் உங்களுக்கு உயிர் வரும். தண்ணீர் என்று சொன்னால் அதே உயிர் போகும். ஒன்றைச் சொல்லி ஒன்றை எப்படி விடுவது?

சீசா இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன், மெட்ராசிலிருந்தும் அதையேதான் சொன்னார்கள். கரட்டுக் கிணறு குடிக்க ஆகாது, ஊர்க்கிணற்றுக்கு ருசி இல்லையே தவிரக் கெடுதல் இல்லை. உங்கள் தம்பியிடம் சொன்னபோது மனுஷர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார்.

"நம்ம வீட்டுல நிறுத்திக்க. ஊர்ல போய்ச் சொல்லாத. உசிரோட இருந்தவரைக்கும் எங்க அக்காவப் பேசுனது போதும். செத்தவ பேரையும் சந்தியில இழுக்கணுமா?"

"ஊர்ல பிள்ளைக குடிக்குதே?"

"அது ஒனக்கெதுக்கு?"

"எனக்கெதுக்கா? அந்தத் தண்ணி எனக்காகத்தானே இந்த ஊருக்கு வந்துச்சு!"

இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மனுஷர் உங்கள் மேல் வைத்த பாசத்தால்தான் பேசினார், எனக்குத் தெரியும். எனக்கும் அதே பாசம்தான். ஆனால் உங்கள் பேரைக் காப்பாற்ற இன்னும் எத்தனை பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு வளர்வது? ஊர்ப்பிள்ளை அழுதால் பாதி எழுந்து நின்ற மனுஷி நீங்கள். உங்களைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

நேற்று உங்கள் முதல் தெவசம். உங்கள் தெவசத்துச் சாம்பாரில் பருப்பு வேகவில்லை மதினி. வேண்டுமென்றுதான். எல்லாச் சமையலும் ஊர்க்கிணற்றுத் தண்ணீரில் செய்தேன். பந்தியில் உட்கார்ந்த பெண்கள் பருப்பைக் கடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். "என்னத்தா நாச்சம்மா, ராக்காயி தெவசத்துல இப்படியா? கரட்டுத் தண்ணிக்கு ஆள் கெடைக்கலையா?" என்று பேச்சியக்காதான் ஆரம்பித்தாள்.

நான் கரண்டியை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா சொன்னது, மெட்ராசில் சொன்னது, ஒன்றுவிடாமல். யாரும் நம்பவில்லை. பருப்பு வேகிற தண்ணீர் எப்படிக் கெட்ட தண்ணீர் ஆகும்? நானே நம்பவில்லையே, அவர்களை என்ன சொல்ல? கதவோரம் கிடந்த உங்கள் உரைகல்லைத் தூக்கிவந்து கழுவினேன். ஊர்க்கிணற்றுத் தண்ணீர் விட்டு, எல்லாரும் பார்க்க மாசிக்காயைக் கருகருவென்று உரைத்து, சின்னவன் நாக்கில் தடவினேன். உங்களுக்குப் பண்ணின சத்தியம் இரண்டையும் உங்கள் படத்துக்கு முன்னாலேயே உடைத்தேன். அவன் உங்களிடம் ருசி பழகாத பிள்ளை. வீறிட்டு அழுது என் சேலையெல்லாம் துப்பினான்.

பேச்சியக்கா இலையை விட்டு எழுந்துவிட்டாள்.

"உசிரோட இருந்தப்ப அவ மருந்து ஆகாதுன்னு நாங்க சொன்னோம். செத்தப்புறம் அவ தண்ணியும் ஆகாதுங்குற நீ. அப்ப ராக்காயி இந்த ஊருக்கு என்னதான்டி நல்லது செஞ்சா?"

நான், வாய்க்காரி நாச்சம்மா, பேச்சற்று நின்றேன்.

மூலையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மாரியாயிதான் பேசினாள். "எனக்குக் கால் விளங்கலேன்னு ராக்காயி எனக்கும் ஒரு கொடம் சுமந்து வந்தா. ஒருநாள் ரெண்டுநாள் இல்ல, ஒரு வாரம் போல. நாந்தான், ஒனக்கெதுக்கு இம்புட்டுச் சிரமம்னு நிறுத்துனேன். இல்லேன்னா எம் பிள்ளைகளும் குடிச்சிருக்கும்." பிறகு தன் மகளைக் கூப்பிட்டு வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். அந்தப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டு திறந்தாள். வரிசை வரிசையாக வெள்ளைப் பல். தினமும் நம் தெருவில் நடந்துபோகிற பெண்தான். நாம் யாராவது ஒரு நாள் அவள் வாயைப் பார்த்தோமா?

பந்தி அப்படியே கலைந்தது. உங்கள் தம்பியே எச்சில் இலைகளை எடுத்துப் போட்டார்.

இன்று காலையில் பேச்சியக்கா வந்தாள். வாசலிலேயே நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"எம் மருமக மாசமா இருக்கா" என்றாள்.

"தெரியும்க்கா."

"அந்தத் தண்ணியில பருப்பு வேகாதேடி."

"ராத்திரியே ஊறப் போடுங்க. ஒரு சொட்டு வெளக்கெண்ணெய் விடுங்க. வேகும்."

போகத் திரும்பியவள் கதவோரத்தைப் பார்த்தாள். கல் அங்கே இல்லை. "அது எங்க?" என்றாள். உள்ளே பூசைமாடத்தில் இருக்கிறது என்றேன். "பிள்ளை பொறந்ததும் கொண்டாறேன். நீயே ஒரச்சு வையி. ராக்காயி மாதிரி வையி" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள். ஒரு வருஷம் முந்தி அவளுக்குக் கால் இந்தப் பக்கம் வந்திருக்கக் கூடாதா? ஒரே ஒரு வருஷம்!

ஊர் முழுக்க மாறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். காலையிலும் பாதிப்பேர் கரட்டுக்குத்தான் குடத்தோடு போனார்கள். துணி வெளுக்கப் போங்கள், குளிக்கப் போங்கள், பிள்ளைக்கு மட்டும் வேண்டாம் என்று தினமும் கத்திக்கொண்டுதான் இருப்பேன். என் தொண்டைக்கு வேறு என்ன சோலி? பழனியம்மாவின் பல் இனி வெளுக்காது. அதை அவளும் நானும் ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். போன வாரம் வந்தவள் என்னோடு பேசும்போது கையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அழுக்கு இல்லை, சோம்பேறித்தனம் இல்லை என்று தெரிந்ததே போதும்போல.

பேச்சியக்கா கேட்ட கேள்விக்குப் பதில் ராத்திரி முழுக்க யோசித்தேன். நீங்கள் என்ன நல்லது செய்தீர்கள்? யாரோ ஒரு மலைக்காரி தாகத்தில் அழுதாள் என்று கரடு கரடாக அலைந்தீர்கள். தண்ணீருக்குள் இருந்ததை உங்களுக்குச் சொல்ல இந்த ஊரில் ஒரு ஆள் இல்லை. இதைத்தான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்போது வரவில்லை, இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

சத்தியத்தை உடைத்ததற்குப் பதிலாக இன்னொரு சத்தியம் பண்ணுகிறேன். சின்னவனுக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கட்டும். உங்களை எரித்த இடத்துக்கு அவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வருவேன். "ஏலே, அத்தைக்குப் பல்லைக் காட்டுடா" என்பேன். பழுப்பாக இருந்தாலும் காட்டச் சொல்வேன், வெள்ளையாக இருந்தாலும் காட்டச் சொல்வேன். கூடவே பழனியம்மாவும் வருவாள். அவளையும் சிரிக்கச் சொல்வேன், கையை எடுத்துவிட்டு.

தாகத்துக்கு நீங்கள் தண்ணீர் கொடுத்த,
உங்கள் தம்பி பெண்டாட்டி
பூம்பாறைக்காரி நாச்சம்மா